யார் வீட்டுக் கப்பல்?

கார்டு ஸ்டேட்மென்ட்டில் ஏதோ ஒரு ஷிப்பிங் கம்பெனி பணம் எடுத்திருக்கிறது. நம் பரம்பரையில் எவரும் சரக்கேற்றிக் கடல் தாண்டியதில்லை. உடனே வீட்டில் விசாரணைக் கமிஷன் கூடும். மகன் மேல் சந்தேகம். அவன் அம்மாவைக் காட்டுவான். அம்மா, "உங்க அப்பாவோட போனைப் பாருடா" என்பாள்.

கடைக்கு விளம்பரத்தில் ஒரு பெயர், பதிவுப் பத்திரத்தில் இன்னொன்று. ஸ்டேட்மென்ட்டுக்கு வருவது பெரும்பாலும் பத்திரப் பெயர். அதற்கும் கார்டுப் பரிவர்த்தனைத் தகவலில் சுமார் 25 எழுத்துதான் இடம். 'பிரைவேட் லிமிடெட்' பாதி வழியிலேயே இறங்கிவிடும். முன்னால் பேமென்ட் கேட்வே பெயரும் ஒட்டிக்கொண்டால், மிச்சம் குறுக்கெழுத்துப் போட்டிதான். இன்ஸ்டாகிராமில் வாங்கிய நைட்டிக்கு ஊர் குருகிராம் என்று இருக்கும். வெளிநாட்டுப் பார்சலுக்குக் கூரியர் கட்டிய சுங்கவரியும் இதே வேஷத்தில் வரும்.

முதலில் அந்தத் தொகையை உங்கள் மெயிலில் தேடுங்கள். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி அழைக்காதீர்கள். போலிகள் அங்கேதான் கடை விரித்திருக்கிறார்கள். துப்பு கிடைக்காவிட்டால் கார்டின் பின்புற எண்ணுக்குப் பேசுங்கள். வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால், நீங்களோ வங்கியோ காரணமில்லாத மோசடிக்கு உங்கள் பொறுப்பு பூஜ்யம். ரிசர்வ் வங்கி 2017-லேயே சொன்னது இது.