மஹய்யாவக் கணிப்பு மாமா

சனாதிபதித் தேர்தல் பற்றிய அறிவித்தல் வர்த்தமானியில் வெளியாகும் நாள்முதல் இறுதி முடிவு அறிவிக்கப்படும் வரை மட்டுமே தொழிற்படுகின்ற ஒரு சமூக வகையினர், கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வீதியை அண்டிய மஹய்யாவயில் காணப்படுகின்றனர். அயலவரால் ‘கணிப்பு மாமா’ என்று அழைக்கப்படும் இவர்கள் பெரும்பாலும் ஓய்வூதியம் பெறுவோராகவும், காலைப் பத்திரிகையைத் தேநீர்க் கடையிலேயே வாசித்து முடிப்போராகவும், எவரும் கேளாத வினாக்களுக்கும் சதவீதத்தில் விடையளிப்போராகவும் இருப்பர். சோதிடத்தின்மீது இவர்களுக்கு மிகுந்த இளக்காரம் உண்டு. மகிந்த ராஜபக்ஷவின் வெற்றியை உறுதிபடக் கூறிய சோதிடர் சுமணதாச அபேகுணவர்தனவின் வாக்கு 2015 ஜனவரி 8 ஆம் திகதி நடந்த தேர்தலில் பொய்த்ததை எடுத்துக்காட்டி, தமது முறையோ அறிவியல் சார்ந்தது என்று நிறுவுவர்.

அந்த அறிவியலின் முதற்படி, வாக்காளர் அனைவரையும் கேட்பதற்குப் பதிலாக அவர்களுள் சிலரைத் தெரிந்தெடுப்பதாகும்; இச்சிலரைப் புள்ளிவிபரவியலாளர் ‘மாதிரி’ என்பர். மாமாவின் மாதிரியில் தேநீர்க் கடை முதலாளியும், சலூனில் முறைக்குக் காத்திருப்போரும், வேலை முடிந்து லயனுக்குத் திரும்பும் மாநகர சபைத் தொழிலாளரும், கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் யன்னலோர இருக்கையில் அகப்பட்டு எழும்ப வழியற்றுப்போன பயணியும் அடங்குவர். வினாவோ விடையைத் தன்னுள் கொண்டே பிறக்கும். “என்ன தம்பி, இந்த முறை திசைகாட்டிதானே?” என்று ஒரு வேட்பாளரின் சின்னத்தைச் சுட்டி அவர் கேட்க, வீட்டுக்குப் போகும் அவசரத்திலிருப்பவர், “நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும், மாமா” என்று கூறி நகர, அந்த மரியாதை ஒரு வாக்காகக் குறித்துக்கொள்ளப்படும். மறுநாள் அதே தம்பியிடம் டெலிபோன் சின்னத்தைப் பற்றி வினவும்போதும் மரியாதை குறைவதில்லையாதலால், ஒரே மனிதர் இரு வேட்பாளருக்கும் ஆதரவாளராகப் பதிவாகிவிடுவார்.

இம்மாதிரி போதாது என்று சுட்டுவோருக்கு, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழி பதிலாகக் கிடைக்கும். பழமொழியில் பிழையில்லை, ஆனால் கண்டி மாவட்டத்திலுள்ள கலஹாவின் தோட்டங்களும் அக்குறணையின் கடைவீதியும் தெல்தெனியவின் கிராமங்களும் ஒரே பானையில் வெந்தவை அல்ல. ஒவ்வொரு வாக்காளரும் தெரிவாவதற்குச் சமவாய்ப்பு அளிக்கும் ‘எழுமாற்று மாதிரி’ அமையுமாயின், சுமார் 1000 பேரைக் கேட்டாலே, 2024 தேர்தலுக்குப் பதிவாகியிருந்த இலங்கையின் 1 கோடி 71 இலட்சம் வாக்காளரின் எண்ணத்தை ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளி கூடுதல் குறைவுடன் மதிப்பிடலாம். இக்கூடுதல் குறைவே ‘வழு எல்லை’ எனப்படும். தெரிவு கோணலானால் தொகை பெருகியும் பயனில்லை. 1936 இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ சஞ்சிகை, தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோரின் பட்டியல்களையே பெரிதும் நம்பி, சுமார் 1 கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, திரும்பி வந்த இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளைக் கொண்டு சனாதிபதித் தேர்தலில் ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என அறிவித்தது. ஆனால் 48 மாநிலங்களுள் 46 ஐ அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ரூஸ்வெல்ட் கைப்பற்றினார்.

முறையான ஆய்வுகளும் பிசகுவதாகத் தோன்றுவதுண்டு. சுகாதாரக் கொள்கை நிறுவனம் தொலைபேசிப் பேட்டிகளைக் கொண்டு 2024 ஜூலை மாதத்துக்கு வெளியிட்ட சனாதிபதித் தேர்தல் மதிப்பீட்டில் சஜித் பிரேமதாச முன்னணியில் இருந்தார். செப்டம்பர் 21 அன்று நடந்த தேர்தலில் அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதத்துடன் முதலிடத்துக்கு வந்து, எவரும் பாதியைத் தாண்டாமையால் நாட்டின் வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்ட பின்னரே வெற்றியாளரானார். ஆய்வு அளப்பது கேட்ட நாளின் மனத்தையே அன்றி, இரண்டு மாதம் கழிந்த பின் அமையும் மனத்தை அன்று. ஆயினும் அந்நிறுவனம் தன் எண்களைத் திகதியுடனும் வழு எல்லையுடனும் வெளியிட்டுவிடுவதால், பின்னர் அதனை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்க முடிகிறது. மாமாவிடம் அதற்கு இடமில்லை. தேநீர்க் கடையில் திசைகாட்டி, சலூனில் டெலிபோன், பஸ்ஸில் காஸ் சிலிண்டர் என்று கேட்போரின் முகம் பார்த்து முடிவுகளைப் பகிர்ந்தளித்திருப்பதால், யார் வென்றாலும் “அன்னைக்கே சொன்னேனே” என்பதற்கு ஒரு சாட்சி எங்கேனும் இருப்பார். பிழையே காட்ட முடியாத கணிப்பை நம்பத்தகாதது என்று ஆய்வுலகம் கருத, மஹய்யாவயில் அது அனுபவம் எனப் போற்றப்படுகிறது.

இத்தகையவரின் கைத்தொலைபேசிக்கு மெய்யான ஆய்வு நிறுவனமொன்றிலிருந்து அழைப்பு வருமாயின், அவர் குரலைத் தாழ்த்தி, “வோட்டு ரகசியம் தங்கச்சி, அதெல்லாம் கேக்கக் கூடாது” என்று கண்டித்துத் தொடர்பைத் துண்டிப்பார். இவ்வாறு விடையளிக்க மறுப்போர் பெருகுவதும் கருத்துக் கணிப்புகள் தவறுவதற்கு ஒரு காரணமாகும். அக்காரணத்தை அன்று மாலையே தேநீர்க் கடையில் விரிவாக விளக்குபவரும் அவரே.