ரிங் பிரேமை மிஞ்சிய குரல்

மேலாளர் ஐயா,

ஆயுத பூஜை அன்று மில்லில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தி வாழ்த்து மடல் வாசித்தார்கள். தலைமைப் பண்பு, பேச்சுத் திறன் இரண்டுக்கும் வெளியூரில் நடந்த பயிற்சியை முடித்து நீங்கள் சான்றிதழோடு வந்ததற்கான பாராட்டு அது. பொரி கடலை நமத்துவிடும் என்ற அவசரமோ என்னவோ, வாசித்தவர் பல சிறப்புகளை விட்டுவிட்டார். கோன் வைண்டிங்கிலும் தரச் சோதனையிலும் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் விடுபட்டதை நான் எழுதிச் சேர்க்கிறேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

முதலில் உங்கள் குரல். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் நூற்பாலைச் சத்தத்தோடு வளர்ந்த ஊர். பிரேம் ஓடுகிற கூடத்தில் இரண்டு பேர் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று இங்கே வீட்டுக்கு ஒருவருக்காவது தெரியும். விரலைத் தூக்குவார்கள், கை தட்டுவார்கள், விசில் அடிப்பார்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவாலைப் பெண்கள் தறிச் சத்தத்துக்குள்ளேயே, உதட்டசைவை மட்டும் வைத்து, ஊர்க் கதை முழுவதும் பேசி முடித்தார்கள். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை சத்தம் இருக்கலாம் என்று தொழிற்சாலை விதிகள் வரம்பு வைத்தன. உங்கள் குரலுக்கு அந்த வரம்பு ஒரு பொருட்டே இல்லை. கார்டிங்கில் நின்று கூப்பிட்டால் பேக்கிங்கில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். நீங்கள் பேசும்போது இன்னொரு குரல் எழுந்து நான் கேட்டதில்லை. நீங்கள் பேசி முடித்த பிறகும் எழுந்ததில்லை.

அடுத்தது சொற்சிக்கனம். பயிற்சியிலிருந்து வந்த வாரமே உங்கள் அறைக் கதவில் ஒரு வாசகம் ஒட்டினீர்கள்: 'பிரச்சினையோடு வராதே, தீர்வோடு வா.' அந்த வாசகத்தின் பலனை நான் கண்ணாரக் கண்டேன். அதற்கு முன்னால் தினமும் நாலைந்து பேர் உங்கள் கதவருகே நிற்பார்கள். ரோவிங் அடிக்கடி அறுகிறது என்பார் ஒருவர். ஹியுமிடிபிகேஷன் சரியாக ஓடவில்லை, நூல் முறுக்கிக்கொள்கிறது என்பார் இன்னொருவர். ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு பெண் தயங்கித் தயங்கி நிற்பாள். வாசகம் ஒட்டிய மாதத்திலிருந்து அந்த வராந்தா காலியாகிவிட்டது. ஒரு மில்லின் பிரச்சினைகள் எல்லாம் ஒரே மாதத்தில் ஒரு தாளால் மறைந்தன என்றால் அதற்கு நிகரான நிர்வாகம் எது?

மறைந்தவை எங்கே போயின என்பதையும் இந்த மடலில் சேர்த்தாக வேண்டும், ஐயா. பாராட்டு முழுமையாக இருக்க வேண்டும் அல்லவா?

நம் மில்லில் ஒரே சமயத்தில் இரண்டு வகை நாற்பதாம் கவுண்ட் நூல் ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்று சாதாரண கார்டட், மற்றது குட்டை இழைகளைச் சீவி நீக்கிய கோம்ப்டு. கவுண்ட் ஒன்றே என்பதால் இரண்டும் வெறும் கண்ணுக்கு ஒரே வெள்ளை. பிரித்தறிய பாபினின் நிறம் மட்டும்தான் அடையாளம்: கார்டடுக்குப் பச்சை, கோம்ப்டுக்கு மஞ்சள். நைட் ஷிப்டில், ராத்திரி இரண்டு மணி வாக்கில், கார்டட் ஓடிய பிரேமில் சில மஞ்சள் பாபின்கள் நிற்பதை, பிரேமைக் கவனிக்கும் சைடர் அம்மா ஒருவர் பார்த்துவிட்டார். நூல் நிறைந்த பாபினைக் கழற்றிக் காலி பாபின் மாட்டும் டாஃபிங்கில் பெட்டி மாறியிருக்கிறது. அந்த மஞ்சள் அப்படியே வைண்டிங்குக்குப் போனால், நிறத்தைப் பார்த்து கோம்ப்டு கோனில் சேர்த்துவிடுவார்கள். வைண்டிங்கில் உள்ள கிளியரர் கருவி நூலின் தடிப்பு மெலிவைப் பார்க்கும். கார்டடா கோம்ப்டா என்று அதற்குத் தெரியாது. அந்த அம்மா இரண்டு பாபினைக் கழற்றி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு சூப்பர்வைசர் மேசைக்குப் போனார். நடந்ததை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"சார், மஞ்சள் கலந்திருக்கு."

"எப்படிக் கலந்துச்சு?"

"அது தெரியல சார். கலந்திருக்கு."

"அக்கா, காலைல அவர்கிட்ட இதச் சொன்னா எப்படின்னு கேப்பாரு. யாருன்னு கேப்பாரு. என்ன பண்ணினன்னு கேப்பாரு. மூணுக்கும் பதில் இருந்தாச் சொல்லுங்க, எழுதறேன்."

அவரிடம் பதில் இல்லை. தீர்வும் இல்லை. பிரச்சினை மட்டும்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு உங்கள் கதவுக்கு வரக்கூடாது. பாபினைப் பெட்டியில் போட்டுவிட்டு அறுந்த இழையை ஒட்டப் போய்விட்டார்.

மிச்சக் கதையை நீங்களே அறிவீர்கள். நூல் திருப்பூருக்குப் போனது, பனியன் துணியானது, சாயத்தில் நனைந்தது. வெள்ளையாக இருந்தவரை ஒளிந்திருந்த கலப்படம், நீலம் ஏறியதும் பட்டை பட்டையாக வெளியே வந்தது. துணிக்கும் சாயத்துக்கும் சேர்த்து டெபிட் நோட் வந்தது. அன்று எல்லா ஷிப்டையும் கேன்டீனில் கூட்டி வைத்து நீங்கள் பேசிய பேச்சை இன்னும் பேசுகிறார்கள். முக்கால் மணி நேரம், தங்குதடையே இல்லை. பொறுப்புணர்வு, தகவல் பரிமாற்றம், வெளிப்படைத்தன்மை என்று ஒன்றைக்கூட விடவில்லை. கடைசியில் "யாருக்காவது சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றீர்கள். ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. முந்நூறு பேர் உட்கார்ந்த கூட்டத்தில் ஒரு கேள்விகூட மிஞ்சாமல் பேசுகிறவர்கள் நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த முந்நூறு பேரில் மூன்றாவது வரிசையில் அந்த அம்மாவும் இருந்தார். தகவல் அவரிடம் இருந்தது. நீங்கள் கேட்டது சந்தேகம்.

அந்தப் பேச்சில் ஜப்பானைப் பற்றியும் சொன்னீர்கள். சரியான உதாரணம், மனதாரச் சொல்கிறேன். கார் கம்பெனியாக உலகம் அறிந்த டொயோடாவின் வேர் தறியில் இருக்கிறது. சகிச்சி டொயோடா தறி செய்தவர். இழை அறுந்தால் தறி தானே நின்றுவிட வேண்டும், பழுதோடு ஓடித் துணியைக் கெடுக்கக் கூடாது என்பது அவர் பிடித்த பிடி. 1924-ல் அவர் முடித்த தானியங்கித் தறி அப்படி நின்றது. லங்காஷயரின் பிளாட் கம்பெனியே அதன் உரிமையை விலை கொடுத்து வாங்கியது. அதே எண்ணம் பிறகு கார் ஆலையில் ஒரு கயிறாகத் தொங்கியது. பழுதைக் கண்ட தொழிலாளி, கடைநிலையில் இருப்பவரானாலும், கயிற்றை இழுக்கலாம். இழுத்தவுடன் மேற்பார்வையாளர் அவர் இருக்கும் இடத்துக்கு வருவார். சரியாகாவிட்டால் ஓட்டமே நிற்கும். அந்தக் கயிற்றின் படத்தை நீங்கள் திரையில் பெரிதாகக் காட்டினீர்கள். படம் துல்லியமாக இருந்தது. பின்வரிசைக்கும் தெரிந்தது.

மொழித் திறமையைச் சொல்லாமல் விட்டால் குறை. தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றிலும் நீங்கள் சரளம். ராஜபாளையத்தில் இது தேவையும்கூட. அறிவிப்புப் பலகை விஷயத்தில் உங்களைச் சட்டம் குறை சொல்ல முடியாது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிப்பு ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. ஆங்கிலமும் தமிழும் போட்டிருக்கிறீர்கள், ஒற்றுப்பிழை இல்லாமல். ஹாஸ்டலில் இருக்கும் ஒடிசாப் பையன்கள் அந்தப் பலகைக்கு நேரே போனைப் பிடித்து மொழிபெயர்த்துப் பார்க்கிறார்கள். வார விடுமுறை மாறியதைக்கூட அப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள். போனில் சார்ஜ் இல்லாதவன் வேலைக்கு வந்து நின்று திரும்பிப் போகிறான். இந்த ஊர்க்காரர் பி.எஸ். குமாரசுவாமி ராஜா, சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர், 1954 முதல் 1956 வரை ஒடிசாவின் ஆளுநராக இருந்தார். அந்த மாநிலத்தை ஆள ஒருவரை அனுப்பிய ஊர் இது. அங்கிருந்து நூல் நூற்க வந்திருக்கும் பிள்ளைகளிடம் "சாப்பிட்டாயா?" என்று அவர்கள் மொழியில் கேட்க மில்லில் ஒருவரும் இல்லை.

பாராட்டுவதிலும் உங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. உற்பத்தி கூடிய மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாப் பெட்டி தவறாமல் மாடிக்குப் போகும். குறைந்த மாதத்தில் மெமோ தவறாமல் கீழே வரும். இரண்டும் ஒரு நாளும் வழி மாறிப் போனதில்லை.

குடியிருப்பும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அமைந்தது உங்கள் பாக்கியம். மார்கழியில் காலை ஷிப்டுக்கு நீங்கள் கிளம்பும்போது திருப்பாவை காதில் விழாமல் மாட வீதியைத் தாண்ட முடியாது. முப்பது பாசுரமும் உங்களுக்கு மனப்பாடம் என்று கேள்விப்பட்டேன். அதில் ஆறாவது முதல் பதினைந்தாவது வரை பத்துப் பாட்டு, தோழிகளை எழுப்புவதற்கே போகிறது. எண்ணிப் பார்க்கையில் எனக்கு எப்போதும் வியப்பு. பெருமாளைப் பார்க்கப் போகிற அவசரத்தில், நூலில் மூன்றில் ஒரு பங்கைத் தூங்குகிறவர்களுக்காகச் செலவிடுகிறாள் ஆண்டாள். தெருமுனையில் நின்று ஒரு சத்தம் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். அவள் வாசல் வாசலாகப் போகிறாள். ஒரு வாசலில் பறவைச் சத்தத்தைச் சொல்கிறாள், இன்னொன்றில் தயிர் கடையும் ஓசையை. ஒருத்தியின் தாயிடம், உன் மகள் ஊமையா செவிடா என்று உரிமையோடு கேட்கிறாள். ஒருத்தியிடம், கும்பகர்ணன் தன் தூக்கத்தை உன்னிடம் தோற்றுவிட்டுப் போனானோ என்று கேலி. எல்லாரையும் எழுப்புகிறேன் என்று வீரம் பேசிவிட்டுத் தானே தூங்குகிறவளிடம் கோபம். பால் சிந்திச் சேறான வாசலில், தலையில் பனி விழ நின்றுகொண்டு அழைக்கிறாள். பத்து வீட்டுக்கும் பத்து விதம். யார் எதற்கு எழுவாள் என்று தெரிந்து வைத்திருந்தவளுக்கே அது முடியும்.

பதினைந்தாவதில் உள்ளே இருப்பவளும் பேசுகிறாள். சொல்லுக்குச் சொல் வாக்குவாதம் ஏறி, கடைசியில் குற்றம் என்னுடையதாகவே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொண்டு எழுந்து வருகிறாள். உரைகாரர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் இடம் இது. ஐயா, திருப்பூர் விவகாரத்தில் குற்றம் யாருடையது என்று கண்டுபிடிக்க நீங்கள் காட்டிய வேகம் அபாரம். இரண்டே நாளில் சூப்பர்வைசர், டாஃபர் இருவர், வைண்டிங்கில் ஒருவர் என்று நால்வருக்கு மெமோ. பட்டியலில் விட்டுப்போன பெயர் ஒன்றே ஒன்றுதான். அதைத் தட்டச்சு செய்யும் துணிச்சல் அலுவலகத்தில் யாருக்கும் இல்லை.

உங்கள் பயிற்சிச் சான்றிதழை அண்மையில் பார்த்தேன். கண்ணாடிச் சட்டம், வாரம் ஒரு முறை துடைப்பு, மேலே சின்ன விளக்கு. சங்கப் பாட்டில் வரும் தொண்டைமானின் ஆயுதச் சாலையில் நெய் பூசி, மாலை சூட்டி, காவலோடு வைத்திருந்த வேல்கள் ஞாபகத்துக்கு வந்தன. அதியமானின் தூதாகப் போன ஔவை அவற்றைப் பார்த்து வாயாரப் புகழ்ந்தாள். எங்கள் அரசனின் வேல்களோ முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் சேர்த்துச் சொன்னாள். உங்கள் சான்றிதழில் ஒரு கீறல்கூட இல்லை.

இன்னும் ஒன்றோடு முடித்துக்கொள்கிறேன். நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்து உட்காரும் ஒர்க்ஸ் கமிட்டி அமைக்க அரசு உத்தரவிடலாம் என்றும், அதில் தொழிலாளர் தரப்பின் எண்ணிக்கை நிர்வாகத் தரப்புக்குக் குறையக்கூடாது என்றும் 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டமே எழுதி வைத்தது. நம் மில்லிலும் கமிட்டி இருக்கிறது. அதன் மினிட்ஸ் நோட்டில் இருப்பதைப் போல அழகான கையெழுத்தை வேறெங்கும் காண முடியாது. மாதம் தவறாமல் கூட்டம், மாதம் தவறாமல் கையொப்பம். தொழிலாளர் தரப்பு என்ற பத்தியில் மாதம் தவறாமல் 'பொருள் எதுவும் இல்லை'. பச்சை மஞ்சள் கலந்த மாதத்திலும் அதே வரிதான், அதே மையில்.

ஐயா, உங்களுக்கு அறிவு உண்டு, உழைப்பு உண்டு. மில் நன்றாக ஓட வேண்டும் என்ற தவிப்பு எனக்குத் தெரிந்தவரை உங்களைவிட யாருக்கும் இல்லை. அந்தத் தவிப்பை நம்பித்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த சைடர் அம்மா இந்த வாரமும் நைட் ஷிப்ட்தான். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் கூடத்துக்குப் போங்கள். விசில் வேண்டாம், சூப்பர்வைசரைக் கூட்டிப் போக வேண்டாம். சத்தம் அதிகம் என்பதால் அவர் சொல்வது கேட்க நீங்கள் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருக்கும். முதலில் பெயரைக் கேளுங்கள். பதினெட்டு வருட சர்வீஸில் அதை இதுவரை ஒரு மேலாளரும் அவரிடம் கேட்டதில்லை.