திங்கட்கிழமை மட்டும் லீவு

கிம்ஹே, தென் கொரியா
2025 நவம்பர் 9

அன்பின் மச்சான்,

கடிதத்தைக் கண்டதும் நெஞ்சைப் பிடிக்காத, ஒண்டும் நடக்கல்ல. வாட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டா உனக்கு முந்தி தங்கச்சி கேட்பாள். தங்கச்சி கேட்டா உம்மா கேட்ட மாதிரி. உம்மா கேட்டா கல்முனை பசாரே கேட்ட மாதிரி. இது உனக்கு மட்டும் சொல்ற விஷயம், அதான் தபால்ல வருது.

விஷயம் என்னண்டா, நான் இஞ்ச ஒண்டுல மாட்டிக்கிட்டன். குடி இல்ல, சூது இல்ல, நீ இப்ப நினைக்கிற அதுவும் இல்ல. பேஸ்போல்.

சிரிச்சு முடிச்சிட்டியா? சரி, கேளு. பள்ளிக்கூடத்துல எல்லே விளையாடுவமே, மூங்கில் தடியால டென்னிஸ் பந்தை விளாசிட்டு உசிரைக் கையில பிடிச்சிட்டுச் சுத்தி ஓடி வருவமே, அந்த எல்லேட பணக்காரச் சொந்தக்காரன்தான் பேஸ்போல் எண்டு வச்சுக்க. 9 இன்னிங்ஸ். ஒரு இன்னிங்ஸ்ல 3 பேர் அவுட்டானா மற்றப் பக்கம் அடிக்க வரும். கிரிக்கெட்டில ஒருத்தன் முதல் பந்துல போல்டானா அண்டைக்கு அவன்ட கதை முடிஞ்சுது, பெட்டைக் கக்கத்துல வச்சிட்டு வீட்ட போக வேண்டியதுதான். இஞ்ச அப்பிடியில்ல, ஒரு மெச்சுல நாலு தரம் வந்து நிற்பான். பத்துத் தரத்துல மூணு தரம் ஒழுங்கா அடிச்சாப் போதும், பெரிய ஆள் எண்டு தலையில தூக்கி வைப்பாங்க. ஏழு தரம் பிழைச்சாலும் கோடீஸ்வரன் ஆகலாம் எண்ட தொழில் நம்ம ஊர்ல அரசியல் மட்டும்தான் எண்டு நினைச்சிருந்தன்.

இதுல என்னை இழுத்துப் போட்டவர் எங்கட பன்ஜாங்நிம். பன்ஜாங்நிம் எண்டா வேலைத்தளத்துல ஃபோர்மன். நாள் முழுக்க "பல்லி, பல்லி" எண்டு கத்துவார். கெதியா செய் எண்டதுதான் அதுட கருத்து. கொரிய மொழிச் சோதனைக்குப் பாடமாக்கின சொல்தான், ஆனா அவர் கத்தின கத்துல முதல் கிழமை நான் சுவரைத்தான் அண்ணாந்து பார்த்தன். 2023 ஏப்ரல் கடைசியில ஒரு நாள் அந்த மனுஷன் சிரிச்சிட்டு வேலைக்கு வந்தார். பல்லியும் இல்ல, பூரானும் இல்ல. என்னண்டு விசாரிச்சா, லொத்தே ஜயண்ட்ஸ் தொடர்ந்து வெண்டுக்கிட்டு இருக்காம். பூசான் நகரத்துட டீம். "வா, உன்னைச் சாஜிக் கிரவுண்டுக்குக் கூட்டிப் போறன்" எண்டார். ஓசியில டிக்கெட் எண்டதும் நானும் வெளிக்கிட்டன். அந்த நேரம் 9 மெச் தொடர்ந்து வெண்டாங்க, புள்ளி அட்டவணையில முதலாம் இடம். நானும் சரியான இடத்துலதான் வந்து சேர்ந்திருக்கன் எண்டு நினைச்சன்.

அந்த வருஷம் முடியக்குள்ள லொத்தே 7-ஆம் இடம்.

பத்து டீம்ல ஏழாவது. முதல் 5 டீம்தான் மேல் சுற்றுக்குப் போகும். பிறகுதான் மற்றப் பொடியனுகள் சொல்லித் தந்தாங்க, இதுக்கு எண்டு ஒரு பட்டப்பெயரே இருக்காம், 'பொம்தே'. பொம் எண்டா வசந்த காலம், தே எண்டது லொத்தேட வால். வசந்தத்துல மட்டும் வெல்ற லொத்தே. வெயில் ஏற ஏற வாடிப் போகும். 2024-லயும் 7-ஆம் இடம். இந்த வருஷமும் 7-ஆம் இடம். நான் கொரியாவுக்கு வந்து 3 சீசன், மூணும் ஏழு. இவ்வளவு நிலையான ஒண்டை நம்மட ரூபாயிலயும் நான் கண்டதில்ல.

இந்த வருஷக் கதையைத்தான் உனக்குச் சொல்லணும், ஏனெண்டா இதைச் சொல்லாட்டி எனக்கு நித்திரை வராது. ஓகஸ்ட் தொடக்கத்துல நாங்க 3-ஆம் இடம். டேவிட்சன் எண்டு ஒரு அமெரிக்கன் எங்களுக்குப் பந்து எறிஞ்சான். அந்த சீசன்ல அவன்ட 10-ஆவது வெற்றியை எடுத்துத் தந்தான். எடுத்துத் தந்த கையோட டீம்காரர் அவனை ஊருக்கு அனுப்பிட்டாங்க. இன்னும் நல்ல ஆள் வாறானாம். கலியாண வீட்டுல அரைவாசிச் சோறு வெந்த பிறகு சமையல்காரனை மாத்தின கதை. அதோட தொடங்கிச்சு பாரு, 12 தோல்வி. இடையில ரெண்டு சமநிலை வேற. சமநிலை வந்த நாள்ல நாங்க ஏதோ வெண்ட மாதிரித் தேத்தண்ணி வாங்கிக் குடிச்சம்.

கிரிக்கெட் டீம் தோத்தா அடுத்த மெச் எப்பவோ வரும், அதுக்குள்ள ஆத்திரம் ஆறிடும். இது அப்பிடியில்ல மச்சான். வருஷத்துல 144 மெச். செவ்வாய் தொடக்கம் ஞாயிறு வரைக்கும் நாள் தவறாம மெச். நேற்றைய தோல்வி சமிக்க முந்தி இண்டைய தோல்வி மேசைக்கு வந்துரும். திங்கட்கிழமை மட்டும்தான் லீவு. அந்த ரெண்டு கிழமையும் எங்கட வேலைத்தளத்துல ஒருத்தனும் கதைக்கல்ல. பன்ஜாங்நிம் பல்லி எண்டும் சொல்லல்ல. மெஷின் சத்தம் மட்டும்தான். கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை 17-5 எண்டு வெண்டு பேய் ஓடிச்சு. ஆனா அதுக்குள்ள சீசன் கையை விட்டுப் போயிட்டு. மேல் சுற்றுக்குப் போகாம இது தொடர்ந்து எட்டாவது வருஷம்.

அப்ப ஏன்டா அதைப் பார்க்கிறாய் எண்டு கேட்பாய். அதைத்தான் நானும் யோசிச்சுப் பார்த்தன்.

லொத்தே கடைசியா சாம்பியனானது 1992-ல. அதுக்கு முந்தி 1984-ல. 84-ல சொய் டொங்வொன் எண்டு ஒரு ஆள், இறுதிச் சுற்றுல டீம் வெண்ட நாலு மெச்சையும் அவர்தான் எறிஞ்சு வெண்டு குடுத்தார். ஒரு போலர் ஒருநாள் எறிஞ்சா நாலஞ்சு நாள் கையை ஆற விடுறதுதான் இந்த விளையாட்டுட முறை. அவர் பத்து நாளுக்குள்ள 40 இன்னிங்ஸ் எறிஞ்சார். 2011-ல மௌத்தாகிட்டார். கிரவுண்டுக்கு வெளியில அவருக்கு ஒரு சிலை இருக்கு. பன்ஜாங்நிம் ஒவ்வொரு தரமும் அதுக்கிட்டப் போய் நிண்டு, தலையைக் குனிஞ்சிட்டுத்தான் உள்ள வருவார். 92-ல அவருக்கு 9 வயசாம். அவர்ட வாப்பாட தோள்ல இருந்து பார்த்தாராம். இப்ப தலை நரைச்சிட்டு. ஆனா அந்த 92-ஐச் சொல்லத் தொடங்கினா முகம் 9 வயசுப் பொடியன்ட முகமா மாறிரும். யார் எறிஞ்சான், யார் அடிச்சான், அண்டைக்கு என்ன சாப்பிட்டம், எல்லாம் சொல்லுவார்.

எனக்கு இந்தக் கதையை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்திச்சு. பிறகுதான் பிடிபட்டுது. நம்மட வாப்பாமாருட 96 உலகக் கிண்ணம்! லாஹூர், அரவிந்தட 107, யார்ட வீட்டு டிவி, கரண்ட் போகுமோ எண்டு ஒரு பயம், பெட்டரியை யார் தூக்கிட்டு வந்தது... நாம பிறக்க முந்தின மெச், ஆனா நாமளே பார்த்த மாதிரி ஒப்புவிப்பமே. பன்ஜாங்நிம்முக்கு 92, நம்மட வாப்பாமாருக்கு 96. இந்த செப்டம்பர்ல டுபாய்ல இந்தியாவோட 202-க்கு 202 எண்டு சமப்படுத்தி, சுப்பர் ஓவர்ல ரெண்டே ரெண்டு ஓட்டம் எடுத்தமே, அண்டைக்கு ராவு நான் பன்ஜாங்நிம்முக்கு அதைக் காட்டினன். அவருக்கு கிரிக்கெட் தெரியாது. ஆனா கடைசியில என்ட தோள்ல கையை வச்சு ஒரு பெருமூச்சு விட்டார் பாரு, அந்தப் பெருமூச்சுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படல்ல.

சியோல்ல எல்ஜி எண்டு ஒரு டீம். அதுட முதலாளி 1998-ல ஒரு ரோலெக்ஸ் மணிக்கூடு வாங்கி, அடுத்த தரம் சாம்பியனாகக்குள்ள சிறந்த வீரனுக்கு எண்டு வச்சிட்டுப் போனார். முதலாளி 2018-ல செத்தும் போனார். மணிக்கூடு 2023 வரைக்கும் பெட்டிக்குள்ளயே கிடந்திச்சு. அந்த வருஷம்தான் 29 வருஷத்துக்குப் பிறகு வெண்டாங்க. இந்த வருஷமும் அவங்கதான். போன மாசக் கடைசியில பன்ஜாங்நிம் அதை டிவியில பார்த்திட்டு, "அவங்களுக்கு மணிக்கூடாவது இருந்திச்சு" எண்டார்.

எங்கட டீம்ல இருந்த ஆள் ஒருத்தர் லீ தேஹோ. பூசான் பிள்ளை, மலை மாதிரி உடம்பு. 2010-ல தொடர்ந்து 9 மெச்சுல ஹோம் ரன் அடிச்சு உலக சாதனை. ஜப்பானுக்குப் போய் அங்க ரெண்டு தரம் சாம்பியன். திரும்பி வந்து 2022-ல ஓய்வு எடுக்கும் வரைக்கும் சொந்த ஊர் டீமோட ஒரு தரமும் இல்ல. வெளிநாட்டுக்குப் போனாத்தான் உழைப்பு எண்டது நமக்கு மட்டும் எழுதினதில்ல.

இப்ப கிரவுண்டைப் பற்றிச் சொல்றன். கிம்ஹேல இருந்து சின்ன ரயில்ல ஏறி, தேஜோல மாறினா நேர சாஜிக். ஞாயிறு எண்டா முதல்ல அல் ஃபத்தாஹ் பள்ளிக்குப் போய் லுஹர் தொழுதிட்டு வருவன். 1980-ல கட்டின பள்ளி, பூசான்ல நம்மட ஆக்கள் கூடுற இடம். அங்க இருந்து நேர கிரவுண்டுக்கு. உள்ள போனா மெச் ஒரு பக்கம், கந்தூரி ஒரு பக்கம். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் தனித்தனிப் பாட்டு. எதிரணி போலர் பந்தை அடிக்கிறவனுக்கு எறியாம, பேஸ்ல நிற்கிற எங்கட ஆளைப் பிடிக்க எறிஞ்சா, 20,000 பேர் ஒரே குரல்ல "மா!" எண்டு கத்துவாங்க. பூசான் பேச்சுல அதுக்கு "டேய்!" எண்டு கருத்து. அம்பயருக்கு மட்டும் கத்த வழியில்ல. 2024-ல இருந்து பந்து சரியா பிழையா எண்டதை மெஷின் பார்த்து அவர்ட காதுல சொல்லுது. நம்மட சந்தாங்கேணி கிரவுண்டுல இந்த மெஷின் இருந்திருந்தா நாம பாதி மெச்சுல சண்டை பிடிக்க விஷயமில்லாம வீட்ட போயிருப்பம்.

குப்பை போடுறதுக்குக் குடுத்த செம்மஞ்சள் பையை ஊதிக் கட்டித் தலையில மாட்டிக்கொள்றது இவங்கட பழைய வழக்கம். பன்ஜாங்நிம் ஒண்டை மடிச்சுப் பொக்கட்டுல வச்சிருக்கார். ஒருநாள் என்ட தலையில மாட்டி விட்டார். அந்த போட்டோவைத்தான் நீ பார்த்திட்டு "என்னடா, ஆஸ்பத்திரியா?" எண்டு கேட்டாய்.

சாப்பாடுதான் கஷ்டம். சுத்திவர பொரிச்ச கோழியும் பியரும். மணம் ஆளைக் கொல்லும், ஹலால் இல்ல. நான் சோத்துப் பார்சல் கட்டிட்டுப் போவன். முதல் நாள் பன்ஜாங்நிம் கோழியை நீட்டினார், காரணத்தைச் சொன்னன். அடுத்த தரம் எனக்கெண்டு தனியா அவிச்ச முட்டையும் வத்தாளங்கிழங்கும் கொண்டு வந்தார். மாசிச் சம்பலோட வத்தாளங்கிழங்கு தின்னப் பழக்கி விட்டிருக்கன். இப்ப கிழங்கு அவர் பொறுப்பு, சம்பல் என்ட பொறுப்பு.

ஒரு ஆபத்தும் நடந்திச்சு. மஃரிபுக்கு நேரமாகி, படிக்கட்டுக்குப் பின்னால ஒரு மூலையில தொழுதிட்டு வந்தா, எங்கட ஆக்கள் 4 ஓட்டம் எடுத்திருக்காங்க. அண்டைக்கு வெற்றி. அதுல இருந்து பேஸ்ல ரெண்டு பேர் நிண்டாப் போதும், பன்ஜாங்நிம் என்ட முழங்கையைத் தட்டி, "போ, போய்த் தொழுதிட்டு வா, பல்லி பல்லி" எண்டு துரத்துறார். இஷாக்கு இன்னும் நேரமிருக்கு எண்டு சொன்னா, நேரத்தைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டு வர ஏலாதா எண்டு கேட்கிறார்.

உன்ட மகனுக்குப் பந்து அனுப்புறன் எண்டு சொல்லியிருந்தன். அந்தக் கணக்கையும் முடிச்சிர்றன். ஜூன் மாசம் ஒரு பந்து வெளியால பறந்து நேர என்ட நெஞ்சுக்கு வந்திச்சு. வேலையால வந்த கை, காப்புப் பிடிச்ச கை, அப்பிடியே பிடிச்சிட்டன். உள்ளங்கை எரியுது. கிரவுண்டே "அஜுரா! அஜுரா!" எண்டு கத்துது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பந்தைத் தூக்கிக் காட்டி, நாலு பக்கமும் திரும்பிக் கையை ஆட்டினன். சத்தம் இன்னும் கூடுது. நான் இன்னும் ஆட்டுறன். பன்ஜாங்நிம் என்ட சேட்டைப் பிடிச்சு இழுத்து விளங்கப்படுத்தினார். அஜுரா எண்டா 'பிள்ளைக்குக் குடு'. பெரிய ஆள் பந்தைப் பிடிச்சா, பக்கத்துல இருக்கிற சின்னப் பிள்ளைக்குக் குடுக்கணும், அது இந்தக் கிரவுண்டுட சட்டம். முன் வரிசையில ஒரு பல்லு விழுந்த பொடியன் கண் வெட்டாம என்னையே பார்த்திட்டு இருக்கான். குடுத்திட்டன். அவன்ட மூத்தம்மா எனக்கு ரெண்டு தோடம்பழம் தந்தா. அதால மருமகனுக்குப் பந்து இல்ல, தோடம்பழத்தையும் நான் திண்டிட்டன். தொப்பி ஒண்டு அனுப்புறன்.

இனி, கடிதம் எழுதினதுட உண்மையான காரணம். வாற மார்ச்சில எனக்கு 3 வருஷம் முடியுது. இன்னும் 1 வருஷமும் 10 மாசமும் நீட்டலாம். சின்னத் தங்கச்சிட வீட்டுக்கு மேல் தட்டுப் போடக் காசு காணாது, அதால நீட்டப் போறன் எண்டு உம்மாக்குச் சொல்லியிருக்கன். அது பொய்யில்ல. ஆனா முழு உண்மையும் இல்ல. மார்ச் கடைசியில புது சீசன் தொடங்குது. நீட்டினா ரெண்டு சீசன் முழுசாப் பார்க்கலாம். அதுக்குள்ள வெண்டுருவாங்க எண்டு எனக்கு ஒரு நம்பிக்கை. ஏன் எண்டு கேட்காத.

உம்மா விசாரிச்சா தட்டுக் கதையையே சொல்லு. மூத்தம்மாட துஆ பலிக்கும் எண்டு ஊரே சொல்லுது, அவட்ட மட்டும் ஒண்டு சொல்லி வை: உங்கட பேரன் லொத்தே எண்டு ஒரு கம்பனியை நம்பித்தான் இருக்கான், அந்தக் கம்பனி நல்லா வரணும் எண்டு துஆ செய்யுங்க எண்டு. அதுல பொய் இருக்கு எண்டு பயப்படாத. பிஸ்கட், சொக்லேட் செய்ற கம்பனிட டீம்தான் அது.

வஸ்ஸலாம்,
உன்ட மச்சான்

பி.கு. மாசி முடியப் போகுது. அரைக் கிலோ அனுப்பு. பன்ஜாங்நிம்தான் கேட்கச் சொன்னார்.