கூடையின் அடியில் என்ன இருக்கிறது?

கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. என்ன கற்றுக்கொண்டேன் என்று யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லையே?
(முதலாமாண்டு மாணவி, பெரம்பலூர்)

ஹாஸ்டலில்தானே இருக்கிறீர்கள்? துணி துவைக்கக் கற்றிருப்பீர்கள். சிவப்புச் சுடிதாரையும் வெள்ளைத் துப்பட்டாவையும் ஒரே பக்கெட்டில் ஊறப் போட்டிருந்தால் வேதியியலும் கொஞ்சம் வந்திருக்கும்.

மூன்று அரியர். இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை. எப்போது சொல்லலாம்?
(பெயர் வேண்டாம், அரியலூர்)

இன்று ராத்திரி, சாப்பாடு முடிந்ததும். சாப்பிடும்போது வேண்டாம், இரண்டு பேருக்கும் புரையேறும்.

எனக்கு அல்லைடு மேத்ஸ் ஊற்றிக்கொண்டது. மார்க் ஷீட் தபாலில் வீட்டுக்கு வந்துவிடுமே என்று லீவு முழுக்கத் தெருமுனையில் போஸ்ட்மேனுக்காகக் காவல் நின்றேன். வந்ததும் வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். பிரமாதமாக முடித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஒருநாள் டீக்கடையில் அந்த போஸ்ட்மேன், "தம்பிக்கு ஏதாவது வேலைக்கு ஆர்டர் வரணுமா? பாவம், வெயில்ல நின்னுக்கிட்டே இருந்துச்சே" என்று அப்பாவிடம் அக்கறையாகக் கேட்டுவிட்டார். அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "திரும்ப எழுத ஃபீஸ் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. ஃபெயிலானதற்கு ஒரு ஆறு மாதம், மறைத்ததற்கு இன்னொரு ஆறு மாதம். உங்களுக்கு மூன்று பேப்பர். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ராமானுஜனே ஃபெயிலானவர்தானே? அப்புறம் அரியர் என்றால் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?
(இரண்டாமாண்டு மாணவர், கும்பகோணம்)

உங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. எல்லாம் சரி. ஆனால் அவரைக் கவிழ்த்தது கணக்கல்ல, மற்ற பாடங்கள். அந்தப் பாடங்களைப் படிக்க வேண்டிய நேரத்திலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அவரிடம் காப்பியடிக்க வேறொன்று இருக்கிறது. 1913 ஜனவரியில் இங்கிலாந்தின் கணித மேதை ஹார்டிக்கு எழுதினாரே, அந்தக் கடிதத்தின் ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா, ஆண்டுக்கு 20 பவுண்டுதான் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. கணிதமெல்லாம் அதற்குப் பிறகுதான். நம் ஆட்கள் பயோடேட்டாவில் ஃபெயிலான வருஷத்தை மறைக்க எத்தனை வித்தை காட்டுகிறார்கள்!

நான் அவளிடம் மனதைத் திறந்து எழுதினேன். 'தேங்க்ஸ் ப்ரோ' என்று பதில் வந்தது. என்ன அர்த்தம்?
(மாணவர், ஈரோடு)

ரிசல்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். ரீவேல்யூஷனுக்குப் போட வேண்டாம்.

வகுப்பில் எல்லாரும் இங்கிலீஷில் பொளந்து கட்டுகிறார்கள். நான் தமிழ் மீடியம். வாயைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது.
(முதலாமாண்டு மாணவர், தருமபுரி)

நாளைக்கு எண்ணிப் பாருங்கள். பொளந்து கட்டுகிறவர்கள் நாலு பேர்தான் இருப்பார்கள். பாக்கி ஐம்பது பேர் உங்களை மாதிரியே புரிந்ததுபோலத் தலையாட்டுகிறவர்கள். "சார், புரியலை, தமிழில் ஒருதரம் சொல்லுங்க" என்று யார் முதலில் கேட்கிறானோ, அவன்தான் கடைசி பெஞ்சுக்குக் குலதெய்வம். அந்தப் பதவி உங்கள் வகுப்பில் இன்னும் காலியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ராகிங் என்றால் சும்மா விளையாட்டு என்கிறார்களே சீனியர்கள்?
(மாணவி, கோவை)

விளையாட்டென்றால் இரண்டு தரப்பும் சிரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1997-லேயே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தேசிய உதவி எண் 1800-180-5522. இதை ஹாஸ்டல் கதவில் ஒட்டி வையுங்கள், சீனியர்கள் படிக்கிற உயரத்தில்.

கல்லூரியில் உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்த பேராசிரியர் யார்?
(வாசகர், திருச்சி)

பேராசிரியர் இல்லை, ஹாஸ்டல் மெஸ் மாஸ்டர். உங்கள் ஊரில்தான். எங்களுடையது டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுவார்கள். பில் எகிறினால் மெஸ் செகரட்டரியின் சட்டையைப் பிடிப்பார்கள். இரண்டாம் ஆண்டில் அந்தச் சட்டை என்னுடையது.

விடிகாலை நாலு மணிக்கு மாஸ்டரோடு காந்தி மார்க்கெட்டுக்குப் போனேன். முதல் கடையிலேயே பளபளவென்று தக்காளி. "இதையே எடுத்துக்கலாம் அண்ணே" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கூடைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கொழகொழவென்று விரலிடுக்கில் வழிந்தது. "மேல இருக்கிறது காட்டறதுக்கு, தம்பி. நாம காசு குடுக்கிறது கீழ இருக்கிறதுக்கும் சேர்த்து."

பிற்பாடு இருபது வருஷம் ஊர் ஊராகப் பேட்டியெடுத்துப் பிழைத்தேன். அதற்கான பட்டப்படிப்பு அன்று காலை ஐந்து மணிக்குள் முடிந்துவிட்டது. தக்காளிச் சாதம் மட்டும் அந்த வாரம் முழுக்க இறங்கவில்லை.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதில் எதற்குச் செலவு செய்தாலும் அம்மா கணக்குக் கேட்கிறார். சொல்லத்தான் வேண்டுமா?
(மாணவி, திருவாரூர்)

சொல்லுங்கள். பேனா 20, பஸ் 0, நாப்கின் 45 என்று பைசா சுத்தமாகச் சொல்லுங்கள். கணக்குச் சொல்லப் பழகியவளை நாளைக்கு யாரும் கணக்கில் ஏமாற்ற முடியாது. அண்ணனும் அரசுப் பள்ளியில் படித்து, தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000 வாங்குகிறாரா? அப்படியென்றால் அடுத்த மாதம் அம்மாவிடம், "அண்ணன் கணக்கையும் சேர்த்தே எழுதிடட்டுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

கல்லூரி நண்பர்கள் கடைசிவரை வருவார்களா?
(இறுதியாண்டு மாணவர், மதுரை)

எண்பது பேர் படித்தோம். எனக்கு மிஞ்சியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் அந்தக் காலத்து மெஸ் பாக்கி 85 ரூபாய் இன்னும் தர வேண்டும். கேட்டால் நட்பு முறிந்துவிடும் என்று நான் கேட்பதில்லை. கொடுத்துவிட்டால் என்னிடம் பேச வேறு விஷயம் இருக்காது என்று அவர் கொடுப்பதில்லை.