அடுத்து என்ன படிக்கலாம்?

எண்பதுகளில் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியிருந்த எங்களுக்கு அறிவியல் புனைகதை கை மாறித்தான் வரும். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது யாரோ ஒருவர் வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்தார். தைத்து அட்டை போட்ட அந்த பைண்டிங் அறை அறையாகப் போனது. ஜீவா ஆளும் இந்தியா, பேசும் இயந்திர நாய் ஜீனோ, பக்கத்தின் பின்புறம் பாதி ஜோக், ஒரு சோப்பு விளம்பரம். எல்லாவற்றையும் சேர்த்தே படித்தோம்.

அன்று ஒரு கதையை ‘படி’ என்று சொல்வதும் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுப்பதும் ஒன்றுதான். கொடுப்பவருக்கு அது திரும்பி வரவேண்டும், அடுத்த ஆள் காத்திருப்பார். அதனால் யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்த்தே கொடுப்பார்கள். எனக்கு இரண்டு அறை தள்ளி இருந்த வங்கி ஊழியர் ஒருவர் அந்த பைண்டிங்கை நீட்டியபோது சொன்னது இன்னும் மறக்கவில்லை.

“தம்பி, உனக்கு இரும்புக்கை மாயாவி பிடிக்கும்ல? இதுல நாய் வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்க. அப்புறம் நீயே விடமாட்ட. முடிச்சிட்டு வா, பேசுவோம்.”

1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவான். அந்தக் கதையில் நான் பள்ளி நாட்களில் கிறங்கிக் கிடந்தது அவருக்குத் தெரியும். நான் எங்கிருந்து வருகிறேன் என்று பார்த்தார். எந்த இடத்தில் சலிப்புத் தட்டும் என்று எச்சரித்தார். கதையைச் சொல்லவில்லை. படித்தபின் பேச ஓர் ஆள் இருக்கிறார் என்று உறுதி கொடுத்தார். இந்த வகைக் கதைகளைப் பிறருக்குக் கொடுக்கும் கலை முழுவதும் அந்த நாலு வரிக்குள் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆங்கில நூல்களுக்குப் பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதைதான் கதி. பழைய புத்தகங்களின் பெரிய புகலிடமான மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோயிற்று. அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையில் இரண்டாம் நூல் கிடைக்கும், முதல் நூல் கிடைக்காது. கிடைத்த வரிசையில்தான் படித்தோம். எங்கள் கைக்கு வந்தவர்கள் அசிமோவும் கிளார்க்கும் அவர்களைப் போன்ற சிலரும் மட்டுமே. ஒரு பெண் எழுதிய அறிவியல் புனைகதையை அந்த மேன்ஷனில் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. கொடுக்க யாரிடமும் இல்லை.

இத்தனைக்கும் ரொக்கையா ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் வெளிவந்ததே சென்னையிலிருந்துதான். கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ அதை அச்சிட்டது. பெண்கள் ஆளும் நாடு, அடுப்பெரிக்கச் சூரிய வெப்பம், பறக்கும் ஊர்தி, வீட்டுக்குள் முடங்கிய ஆண்கள். எங்கள் ஊரில் அச்சான அந்தக் கதை எனக்கு வந்துசேர இணையம் தேவைப்பட்டது. இன்று யார் கேட்டாலும் அரை மணி நேரத்தில் கைபேசியிலேயே படித்துவிடலாம். இந்தக் காலத்தின் கொடை இது. அதை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

இன்று லெ குவின், ஆக்டேவியா பட்லர், சீனாவின் லியூ சிஷின், கொழும்பின் வஜ்ர சந்திரசேகர என எல்லாருமே ஒரு விரல் தூரத்தில் இருக்கிறார்கள். ஆனால் ‘எதைப் படிக்கலாம்?’ என்று கேட்டால் பட்டியல் வருகிறது. இருபது, ஐம்பது, நூறு என்று தலைப்புகள். கேட்டவர் யார், இதுவரை என்ன படித்தார் என்பது பட்டியலுக்குத் தெரியாது. அதில் முதலில் நிற்கும் தடித்த நூலைத் திறக்கிறார், முப்பது பக்கம் புரியாத பெயர்களோடு மல்லுக்கட்டுகிறார், ‘இது நமக்கான வகை இல்லை’ என்று மூடிவிடுகிறார். ஒரு நல்ல வாசகரை இப்படி இழப்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

அதனால் யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்கிறேன். அண்ணன் மகளிடம் அப்படித்தான் கேட்டேன், “கடைசியா கீழ வைக்க முடியாம படிச்சது எது?” ‘பொன்னியின் செல்வன்’ என்றாள். உடனே 1969இல் வந்த லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ நினைவுக்கு வந்தது. வேற்றுக் கிரகத்துக்குத் தனியாகப் போன ஒரு தூதன், யாரை நம்புவது என்று தெரியாத அரசவை, ஆண் பெண் என்ற நிலையான பிரிவே இல்லாத மக்கள். “முதல் சில அத்தியாயங்கள்ல பேரெல்லாம் குழப்பும். பனிமேல ரெண்டு பேர் நடக்கிற பயணம் வர்ற வரைக்கும் விட்டுடாதே” என்றேன். முடித்ததும் வந்தாள். “சித்தப்பா, அந்தத் தூதனுக்குக் கண்ணு முன்னால இருக்கிறது ஏன் இவ்வளவு நாள் தெரியலை?” என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டாள். எனக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

சிகிரியாவுக்குப் போய்வந்த பொறியாளர் நண்பருக்குக் கிளார்க்கின் ‘தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ கொடுத்தேன். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த கிளார்க், அந்தத் தீவை மனத்தில் வைத்து, பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கியை 1979இலேயே கதையாகக் கட்டியிருக்கிறார். ‘விண்வெளியெல்லாம் எனக்கு ஒத்துவராது’ என்ற தோழிக்கு பட்லரின் ‘கிண்ட்ரெட்’. அதில் விண்கலம் கிடையாது. 1976இல் வாழும் கறுப்பினப் பெண் ஒருத்தி அடிமைமுறைக் கால மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள், அவ்வளவுதான். தமிழிலேயே தொடங்க விரும்புகிறவருக்கு இன்றும் ஜீனோதான். கதை நடக்கும் காலத்தை நாம் தாண்டி வந்துவிட்டோம், ஆனாலும் அந்த நாயின் பேச்சு மங்கவில்லை.

அன்றைய அக்கறையையும் இன்றைய கையிருப்பையும் சேர்த்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. ஒருவருக்கு ஒரு புத்தகம் சொல்லுங்கள். ஏன் அவருக்கு அது என்று சொல்லுங்கள். எங்கே பொறுக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். பத்து நாள் கழித்து நீங்களே கூப்பிட்டு, “எதுவரைக்கும் வந்தீங்க?” என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று காதுகொடுத்துக் கேளுங்கள், அடுத்த புத்தகம் எதுவென்று அந்தப் பதிலிலேயே இருக்கும்.