கதவுச் சாத்திரம்

பள்ளிமுனையில் யாராவது கார் வாங்கப் போகிறார்கள் என்றால் வங்கிக்குத் தெரியுமுன் அண்ணைக்குத் தெரிந்துவிடும். சாரத்தை மாற்றி, நீளக் கால்சட்டை மாட்டி, கூப்பிடுவதற்கு முன்னமே படலையடியில் வந்து நிற்பார். அவரிடம் கார் இல்லை. இருந்ததும் இல்லை. அதனால்தானோ என்னவோ, எல்லாக் காரிலும் பக்கச்சார்பில்லாமல் குறை காண அவரால் முடிகிறது.

மற்றவர்கள் மீற்றரைப் பார்ப்பார்கள், ரயரைப் பார்ப்பார்கள், புத்தகத்தை வாங்கி எத்தனை பேரின் கைமாறி வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அண்ணை கதவைச் சாத்துவார்.

முன் இடப்பக்கக் கதவில் தொடங்குவார். ஒரு சாண் திறந்து, மெல்லத் தள்ளி, தலையைச் சரித்து, சத்தம் அடங்கும்வரை கண்ணை மூடி நிற்பார். பிறகு அரைவாசி திறந்து ஒரு தரம். முழுதாகத் திறந்து ஒரு தரம். பின் கதவுகள், டிக்கி, பொனற் என்று சுற்றி வருவார். பெற்றோல் ஊற்றுகிற துவாரத்தின் சின்ன மூடிக்குக்கூட விலக்கில்லை. விற்க வந்தவர் தொடக்கத்தில் சிரித்தபடி நிற்பார். கொஞ்ச நேரத்தில் முகம் மாறி, “அண்ணை, மெதுவா...” என்பார். அதுவே அண்ணைக்குச் சாட்சி.

“பாத்தியா தம்பி, அடிக்கப் பயப்பிடுறார். பென்ஸ்காரன் பயப்பிடுவானோ?”

“டங்” என்று கேட்டால் அது தகரம். “டொப்” என்று கேட்டால் வாகனம். “டொப்”புக்குப் பின்னால் சாதாரணக் காதுக்கு எட்டாத ஒரு “ம்” இருந்தால் அது பென்ஸ். பி.எம்.டபிள்யூ.வுக்கும் அவுடிக்கும் அந்த “ம்” அரைவாசி உண்டு என்பது அவர் கணிப்பு. இந்தச் சாத்திரத்தை அவர் எங்கே படித்தார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். இளந்தாரியாக இருந்த காலத்தில், ஒரு கலியாணத்துக்கு வாடகைக்கு வந்த பழைய பென்ஸில் மணப்பெண் ஏறியதும், புனித லூசியா ஆலய வாசலில் கதவைச் சாத்திவிட்ட பாக்கியம் அவருக்குக் கிடைத்தது. 1976 முதல் 1986 வரை செய்த டபிள்யூ 123 வகை அது. மணமக்களுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அண்ணையின் காதில் அந்தக் கதவு இன்னும் சாத்திக்கொண்டிருக்கிறது.

அண்மையில் அகப்பட்டது ரீச்சர் வீட்டு ஆக்ஸியோ. டொயோட்டா கொரல்லா ஆக்ஸியோ, ஹைபிரிட், ஜப்பானில் ஓடி இலங்கைக்கு வந்தது. அண்ணை வழக்கம்போல நான்கு கதவையும் அறைந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “பிழை சொல்லேலாது. ஆனா சத்தத்தில கனம் இல்லை.” ரீச்சரின் கணவருக்கு முகம் தொங்கிப்போனது. வாங்குவதாக ஏற்கெனவே சொல்லி, முற்பணமும் கொடுத்தாயிற்று.

அண்ணையிடம் ஒருவரும் சொல்லாத சில விடயங்கள் உண்டு. கதவுச் சத்தம் தற்செயலாக வருவதில்லை. அதைச் சீர்படுத்துவதற்கென்றே கார்க் கம்பனிகள் சம்பளம் கொடுத்துப் பொறியியலாளர்களை வைத்திருக்கின்றன. கதவின் உட்தகட்டில் ஒட்டுகிற அதிர்வடக்கும் தாள், ஓரத்து இறப்பர், பூட்டின் கொளுக்கிக்குப் பூசுகிற பிளாஸ்ரிக், இவை சேர்ந்துதான் “டங்”கை “டொப்” ஆக்குகின்றன. இரும்பின் தடிப்புக்கு அதில் பங்கு குறைவு. போதாததற்குக் காற்று வேறு. கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தால் உள்ளே அடைபட்ட காற்று கதவைத் தாங்கிப் பிடிக்கும், சத்தம் அமுங்கும். ஒரு கண்ணாடி இறங்கியிருந்தால் அந்தத் தாங்கல் போய்விடும். அண்ணையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: பிடித்த காரைச் சோதிக்கும்போது கண்ணாடிகள் மூடியிருக்கும், பிடிக்காத காரென்றால் “உள்ளுக்கு வெக்கை” என்று சொல்லி ஒன்றை இறக்கிவிடுவார். வேண்டுமென்று செய்கிறார் என்று சொல்ல முடியாது. நீதிபதிகளுக்கும் வியர்க்கும்தானே.

சத்தத்தில் கனம் இருந்தால் மோதலில் உயிர் தப்பும் என்பது அவருடைய அடுத்த வாதம். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் 2009இல் தன் ஐம்பதாவது ஆண்டுக்கு ஒரு வேலை செய்தது. 1959ஆம் ஆண்டின் செவர்லே பெல்எயார் ஒன்றையும் 2009ஆம் ஆண்டின் செவர்லே மலிபு ஒன்றையும் நேருக்குநேர் மோதவிட்டது. பெல்எயார் பார்க்க இரும்புப் பெட்டகம். மலிபு வீட்டுப் பாவனைக்கான சாதாரணக் கார். இரும்புப் பெட்டகத்தில் சாரதியின் இடமே சப்பளிந்து போனது. மலிபுவில் முன்பக்கம் நசுங்க, உள்ளே இருந்த பொம்மைக்குக் காலில் சிறு காயம் என்ற அளவோடு முடிந்தது. முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கவேண்டும், ஆள் இருக்கும் கூடு இறுக்கமாக நிற்கவேண்டும் என்ற யோசனையை முதலில் உருப்படியாக்கியவர் பேலா பாரெனி. அவர் வேலை செய்தது அண்ணையின் பென்ஸ் கம்பனியிலேதான்! அந்த மோதலின் வீடியோவை ரீச்சரின் மகன் காட்டினான். அண்ணை சத்தத்தைக் கூட்டச் சொன்னார். அந்தப் பழைய காரின் கதவு சாத்துவது வீடியோவில் இல்லை என்று குறைப்பட்டார். 

எஞ்சின் கதைக்கு வந்தால் அவருடைய சொகுசுக் கார்கள் இன்னும் சங்கடப்படுத்தும். இலங்கையில் வரி எஞ்சின் அளவைப் பார்த்து ஏறுவதால் பெரிய பெயர்களெல்லாம் சின்ன எஞ்சினோடு வந்து இறங்கின. 2015க்குப் பிறகு சில வருடம் வந்த பி.எம்.டபிள்யூ. 318ஐ 1499 சிசி, மூன்று சிலிண்டர். அவுடி ஏ3இல் 999 சிசி, அதுவும் மூன்று. அதே காலத்தில் வந்த ஹொண்டா சிவிக்கின் 988 சிசி எஞ்சினுக்கு அவுடியைவிடக் குதிரைவலு கூட. இதைச் சொன்னபோது அண்ணை ஒரு கணம் திகைத்தார். “மூண்டு சிலிண்டரோ? அப்ப த்ரீவீலருக்கு எத்தினை?” ஒன்று என்றார்கள். “அப்ப சரி” என்று நிம்மதியானார்.

இந்த ஊர்வலத்தில் பிரிமியோவுக்குத் தனிப் பீடம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில், 2021 மார்ச்சோடு டொயோட்டா பிரிமியோவையும் அலியனையும் செய்வதை நிறுத்திவிட்டது. மூன்று வருடத்துக்கு மேற்பட்ட கார் உள்ளே வர விதி இடம்கொடாததால் இனி ஒரு பிரிமியோ துறைமுகத்தில் இறங்கப் போவதில்லை. இருக்கிறவைதான் இருக்கும். தட்டுப்பாட்டுக் காலத்தில் சிலர் பிரிமியோவைப் பல வருடம் ஓடிவிட்டு, வாங்கிய விலைக்கு மேலே விற்றார்கள். ஆகவே அண்ணை பிரிமியோவின் கதவைச் சாத்துவதில்லை. தொட்டுவிட்டு விலகி நிற்பார்.

இதையெல்லாம் எந்த வீதியில் ஓடுவது என்று கேட்டால் பதில் கிடையாது. பள்ளிமுனையிலிருந்து மன்னார் பட்டினம் கூப்பிடு தூரம். பெருந்தெருவில் காருக்குச் சட்டப்படி வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர், ஊர்மனைக்குள் 50. இரவில் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது கழுதைகள். நடுவீதியில் கூட்டமாக நின்று, ஹோர்ன் அடித்தால் காதை மட்டும் அசைக்கும். ஜேர்மன் எஞ்சினானாலும் ஜப்பான் எஞ்சினானாலும் அவற்றுக்கு முன்னால் பூச்சியம்தான். சொகுசுக் காருக்கு ஒரு சென்சர் பழுதானால் கம்பனி ஆட்களைத் தேடி முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் கொழும்புக்குப் போகவேண்டும். 2022இல் கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் தந்த நாட்களில், சின்ன ஹைபிரிட் ஒன்று அந்த 20 லீற்றரில் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கும் முந்தி, யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் வடக்கில் மொரிஸ் மைனர்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் கதவை ஒருவரும் சாத்திப் பார்க்கவில்லை. மூடினால் போதும் என்றிருந்தது.

இவ்வளவும் சிரிப்புக்குரியதுதான். சிரிக்க முடியாதது வேறொன்று. ஆக்ஸியோ வாங்கியது எதற்கென்று அண்ணை ஒருமுறையும் கேட்கவில்லை. ரீச்சரின் தாய்க்கு முழங்காலில் நோ. கிளினிக் நாளில் த்ரீவீலருக்குள் மடங்கி ஏறும்போது அந்த மனுசி படும் பாட்டைப் பார்த்துத்தான் குடும்பம் கடன் எடுத்தது. “அண்ணை, பின் சீற்றில அம்மா கால் நீட்டி இருக்கலாமோ, பாருங்கோவன்” என்று ரீச்சர் இரண்டு தரம் கேட்டார். “பொறுங்கோ ரீச்சர், டிக்கியச் சாத்திட்டு வாறன்” என்றார் அண்ணை. வரவில்லை. கடைசியில் ரீச்சரே ஏறி இருந்து பார்த்துக்கொண்டார். ஊரிலுள்ள அத்தனை கார்ப் பரிசோதகர்களும் இப்படித்தான். ஓட்டுகிறவனுக்கும் வெளியே நின்று பார்க்கிறவனுக்கும் தீர்ப்புச் சொல்வார்கள். பின்னால் இருக்கிறவர்கள் அவர்களுடைய கணக்கில் சாமான். வாங்கின பிறகும் விடுவதில்லை. ஆசையாய் வாங்கியவனை நாலு பேருக்கு முன்னால் நிறுத்தி, “நல்லதுதான், ஆனா...” என்று தொடங்குவது என்ன பழக்கம்? அந்த “ஆனா”வுக்கு மாதத் தவணை கட்டுவது அவர்களா?

அண்ணைக்கு உண்மையில் தெரிந்த வித்தை ஒன்று இருக்கிறது. அதை அவர் வித்தையாகவே மதிப்பதில்லை. கதவுக் கூத்து முடிந்ததும் பேச்சில்லாமல் மணலில் மல்லாக்கப் படுத்து, கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு காருக்கு அடியில் ஊர்ந்து போவார். இரண்டு பக்கமும் கடல், நடுவில் உப்புக்காற்று. இங்கே கார் சாவது மோதியல்ல, கறள் பிடித்து. கதவின் அடி விளிம்பில் மழைத்தண்ணீர் வடிய விட்டிருக்கும் சின்னத் துளைகளை ஈர்க்கால் குத்துவார். ஆக்ஸியோவின் பின் கதவில் குத்தியபோது ஒரு சிட்டிகை வெள்ளை மணல் பொலபொலவென்று கொட்டியது. மணல் அடைத்தால் தண்ணீர் உள்ளே நின்று, வெளிப் பெயின்ற் மினுங்கிக்கொண்டிருக்கவே கதவு உள்ளிருந்து இற்றுப்போகும். ஸ்பெயார் ரயர் கிடக்கும் குழியின் கம்பளத்தைத் தூக்கி, விரலால் தடவி, நக்கியும் பார்த்தார். “உப்பில்லை. வாங்கலாம்.” கராஜ்காரர்கூட இவ்வளவு பொறுப்பாகப் பார்த்திருக்கமாட்டார். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. எழும்பி முதுகு மணலைத் தட்டிவிட்டு மறுபடி கதவுக்குப் போய்விட்டார்.

ஆவணி மடுத் திருவிழாவுக்கு அதே ஆக்ஸியோவில் புறப்பட்டார்கள். அண்ணை கேளாமலே முன் சீற்றில் ஏறினார். முருங்கனுக்குள் போகுமுன் குறட்டை. இறங்கும்போது, “ஏசி பிழையில்லை, ஆனா பென்ஸில பின்னுக்கும் தனிய இருக்கும்” என்றார்.

“அண்ணை, திரும்பேக்க பின்னுக்கு இருங்கோ,” என்றார் ரீச்சர். “அதை நீங்கள் இன்னும் பாக்கேல்லத்தானே.”

மறுக்க வழியில்லை. வரும்போது அம்மம்மாவுக்கும் ரீச்சரின் கடைக்குட்டிக்கும் நடுவில், மடியில் மெழுகுதிரிப் பையோடு வந்தார். வீட்டு முற்றத்தில் கார் நின்றது. ரீச்சர் சுற்றி வந்து அம்மம்மாவை ஒரு பக்கத்தால் பிடித்து இறக்கிப் பின்னாலே கதவைச் சாத்திவிட்டுப் போனார். அண்ணை அந்தப் பக்கம் நகர்ந்து கைப்பிடியை இழுத்தார். திறக்கவில்லை. இன்னொரு முறை இழுத்தார். தோளால் தள்ளினார். கண்ணாடியைத் தட்டினார்.

“நான் அண்டைக்கே சொன்னனான்! கதவு சரியில்லை எண்டு! இறுகிட்டுது!”

பக்கத்தில் இருந்த எட்டு வயதுக்காரி கச்சான் கொறிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்: “மாமா, அது சைல்ட் லொக்.”