நுரைக்கு யார் பொறுப்பு?

டிம் மார்ட்டின் 1979-இல் லண்டனில் தொடங்கிய பப் தொழில், வகுப்பை அடக்கத் தெரியாத ஓர் ஆசிரியரின் பெயரில் வளர்ந்தது: வெதர்ஸ்பூன். பழைய சினிமா கொட்டகை, மூடிய வங்கி, ஏன், ஓப்பரா அரங்கைக்கூட விட்டுவைக்காமல் பிரிட்டன் முழுக்க நூற்றுக்கணக்கான கிளைகள். பெரும்பாலான கிளைகளில் பாட்டு கிடையாது. பக்கத்து மேசைக்காரரின் புகார் சுத்தமாகக் காதில் விழும்.

எந்த பப்பானாலும் புகார்களில் தலையாயது பீர் நுரை. 568 மில்லி பைன்ட்டில் 95 சதவீதமாவது திரவம் இருக்க வேண்டும், கேட்டால் நிரப்பித் தர வேண்டும் என்பது மதுத்தொழில் சங்கத்தின் வழிகாட்டல். மிச்சம் 5 சதவீதத்துக்காக, மாக்னா கார்ட்டா உரிமைச் சாசனம் கண்ட குடிமக்கள் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளக்கிறார்கள். பருகிவிட்டு அளப்பவரும் உண்டு.

வெளிநாட்டுக்காரரின் குறை வேறு: பீர் சில்லென்று இல்லையாம். பீப்பாயிலிருந்து ஊற்றும் காஸ்க் ஏல் பீரை 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் தருவதே மரபு என்று விளக்கினால், பிரிட்ஜ் பழுதானதை மறைக்க வரலாறு பேசுகிறார்கள் என்று முடிவுகட்டிவிடுவார்.

வெதர்ஸ்பூனில் சேவைக்கு இப்போது செயலி வந்துவிட்டது. மேசை எண்ணை அடித்துப் பணம் கட்டினால் பண்டம் தேடி வரும். இதில் ஒரு விளையாட்டும் கிளம்பியது: மேசை எண்ணை இணையத்தில் போட்டால், முகம் தெரியாத புண்ணியவான்கள் எங்கிருந்தோ ஒரு கிண்ணம் பட்டாணி வாங்கி அனுப்புவார்கள். பட்டாணி ஆறியிருந்தால் ஒற்றை நட்சத்திரம்தான். போடுகிறவர் காசு கொடுக்காதவர்.